தையல் மெஷினிலும் டென்ஷன்

கேள்வி: 'டென்ஷன் ஆகாதே' என்று என் மாமியார் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்கிறார். டென்ஷன் என்றால் கோபமா, கவலையா? நல்ல தமிழ் இருக்கிறதா?
– வாசகி ஒருவர், கரூர்

பதில்: நம் வீடுகளில் அது எல்லாமும்தான். மகள் வர நேரமானால் டென்ஷன், அது கவலை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் டென்ஷன், அது எரிச்சல். பரீட்சைக்கு முன்னால் வருவது படபடப்பு.

ஆனால் சொல்லின் வேர் வேறு. 'டெண்டெரே' என்ற லத்தீன் வினைக்கு இழு, நீட்டு என்று பொருள். இழுத்துக் கட்டுகிற டென்ட்டும் அதே வேரில் வந்ததுதான். இயற்பியல் பாடத்தில் இழுவிசை என்று படித்திருப்பீர்கள். (ஹைடென்ஷன் கம்பியில் மட்டும் அது மின்னழுத்தம்!)

எங்கள் தெருத் தையல்காரர் ஒருநாள், "டென்ஷன் ஜாஸ்தி, அதான் நூல் அறுந்துகிட்டே இருக்கு" என்றார். யாருக்கு டென்ஷன் என்று கேட்டுவிட்டேன்! அவர் சிரித்தபடி மெஷினின் மேல்நூல் திருகைக் காட்டினார். இரண்டு வட்டத் தகடு, ஒரு ஸ்பிரிங். இறுக்கினால் துணி சுருங்கும், நூல் அறும். ரொம்பத் தளர்த்தினால் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கும். அகராதிப் பொருளில் அந்தச் சொல்லைப் பேசுகிறவர் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான்.

தமிழில் 'பதற்றம்' பெரும்பாலும் பொருந்தும். மன அழுத்தம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அது அமுக்குவது, இது இழுப்பது. மாமியாரிடம் 'பதறாதே' என்று சொல்லச் சொல்லிப் பாருங்கள். டென்ஷன் ஆகிவிடப் போகிறார்!