பெத்தாலஜியை உருப்போடலாமா?

கேள்வி: மருத்துவப் படிப்பில் பொது நோய்க்குறியியலைத் (பெத்தாலஜி) தொடங்கியிருக்கிறேன். நெக்ரோசிஸ் எனப்படும் திசு இறப்பின் வகைகளை எத்தனை முறை உருப்போட்டாலும், தேர்வு நெருங்கும்போது மறந்துவிடுகின்றன. என்ன செய்வது?

பதில்: பட்டியலாக உருப்போடுவதுதான் சிக்கல். ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அது மணிக்கு மணி எப்படி மாறுகிறது என்று பின்தொடருங்கள். மாரடைப்பையே எடுத்துக்கொள்வோம். இதயத்தின் ரத்தக்குழாய் அடைபட்டால் ஆக்சிஜன் இன்றி, செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏ.டி.பி. குறைகிறது, அதனால் சோடியத்தை வெளியேற்றும் செல்சவ்வின் சோடியம் பம்ப் முடங்கி, சோடியமும் நீரும் உள்ளே புகுந்து செல் வீங்குகிறது. இந்நிலையில் ரத்த ஓட்டம் திரும்பினால் செல் பிழைத்துக்கொள்ளும். ஏறத்தாழ 20 முதல் 40 நிமிடங்கள் கடந்துவிட்டால் மீளாது. ஆயினும், அந்த இறப்பு சாதாரண நுண்ணோக்கியில் தென்படக் குறைந்தது 4 மணி நேரமாவது ஆகும் (தேர்வாளர்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது). அதன்பின் ஸ்லைடைப் பார்த்தால், உட்கரு மங்கி மறைந்த செல்கள், ஆள் இல்லாத வீட்டின் சுவர்களைப் போல, உருவம் குலையாமல் அடர்ந்த இளஞ்சிவப்பில் நிற்கும். திசுவைச் செரிக்கவேண்டிய நொதிகளும் மற்ற புரதங்களோடு சேர்ந்து செயலிழந்துவிடுவதே இதற்குக் காரணம். இதுவே கோயாகுலேட்டிவ் நெக்ரோசிஸ். மூளையில் ரத்த ஓட்டம் தடைப்பட்டாலோ திசு கரைந்து கூழாகிவிடும். அது லிக்விஃபாக்டிவ் நெக்ரோசிஸ். பெயரைக் கடைசியில் படியுங்கள். அதற்கு முன் ஸ்லைடில் கண்டதை உங்கள் கையாலேயே ஒருமுறை வரைந்துவிடுங்கள்.