முட்டி தரையில் பட்டால் ஓட்டம் முடிந்ததா?

கேள்வி: சனிக்கிழமை பார்த்த கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் பந்தோடு ஓடியவர் தானாக வழுக்கி விழுந்தார். யாரும் தொடவே இல்லை, ஆனாலும் விசில் ஊதிவிட்டார்கள். மறுநாள் என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) ஆட்டத்தில் அதே மாதிரி விழுந்தவர் எழுந்து மேலே ஓடினார், யாரும் தடுக்கவில்லை. ஆபீஸில் இதை வைத்து இரண்டு கட்சியாகிவிட்டோம். எது சரி? (டல்லாஸிலிருந்து ஒரு வாசகர்)

இரண்டும் சரி. நீங்கள் பார்த்தது இரண்டு வேறு விதிப் புத்தகங்கள். அமெரிக்கன் ஃபுட்பாலில் 'டவுன்', அதாவது பந்தோடு ஓடுபவரின் ஓட்டம் அங்கேயே முடிந்தது என்ற தீர்ப்பு, பற்றிய சண்டைகளில் பாதி, எந்தப் புத்தகத்தை வைத்துப் பேசுகிறோம் என்று கேட்டாலே அடங்கிவிடும்.

கல்லூரியிலும் உயர்நிலைப் பள்ளியிலும் விதி எளிது. பந்து வைத்திருப்பவரின் கையும் பாதமும் தவிர உடம்பில் எது தரையில் பட்டாலும் பந்து செத்தது, அதாவது ஆட்டம் அங்கேயே நின்றது. தள்ளினார்களா, தானாக விழுந்தாரா என்ற விசாரணையே கிடையாது. முட்டி போட்டபடி உதைக்குப் பந்தைப் பிடித்துக் கொடுப்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. இல்லாவிட்டால் ஃபீல்டு கோலே (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது) அடிக்க முடியாது.

என்.எஃப்.எல்.லில் கூடுதலாக ஒரு நிபந்தனை: எதிரணி வீரர் தொட்டிருக்க வேண்டும். பிடித்துச் சாய்க்க வேண்டியதில்லை, விரல் பட்டால் போதும். கணுக்காலில் தட்டுப்பட்டு, தடுமாறி, இரண்டடி தள்ளிப் போய் முட்டி தரையில் பட்டாலும் டவுன்தான். அந்தக் கணத்தில் எதிரியின் கை மேலே இருந்தாக வேண்டும் என்றில்லை. தானாக விழுந்து கிடப்பவரை ஓடி வந்து தொட்டாலும் டவுன். தொடுவதற்குள் எழுந்துவிட்டால் ஓடலாம். சொந்த அணிக்காரர் மேல் மோதி விழுந்தது கணக்கில் வராது.

'கை, பாதம்' என்பதற்கும் எல்லை உண்டு. என்.எஃப்.எல். விதிப்படி மணிக்கட்டைத் தாண்டி முழங்கைப் பக்கம் எது பட்டாலும், கணுக்காலைத் தாண்டி முட்டிப் பக்கம் எது பட்டாலும் டவுன். உள்ளங்கையைத் தரையில் ஊன்றிச் சமாளித்து ஓடலாம். முன்னங்கை பட்டால் போச்சு. எதிரியின் உடம்பு மேல் உருண்டு, தரையே படாமல் எழுந்தால் ஆட்டம் தொடரும். குவியலுக்குள் விசில் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது, ரசிகர்கள் வேதவாக்காகச் சொல்லும் 'தரையால் ஃபம்பிள் ஆகாது' என்ற வாக்கியம். ஃபம்பிள் என்றால் ஓட்டம் முடியும் முன்பே பந்து கைநழுவுவது; யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். இது பாதி உண்மை. எதிரி தொட்டு, முழங்கை தரையில் பட்டு, அந்த அதிர்ச்சியில் பந்து நழுவினால் அது ஃபம்பிள் இல்லை. முழங்கை பட்டபோதே பந்து செத்துவிட்டது. ஆனால் என்.எஃப்.எல்.லில் யாரும் தொடாமல் விழுந்து, தரை மோதிப் பந்து தெறித்தால் அது சுத்தமான ஃபம்பிள். இன்னொன்றும் கவனியுங்கள்: பந்து தரையில் படுவது டவுன் ஆகாது, உடம்பு பட வேண்டும். முட்டிக்கு முன்பே பந்து தரையில் இடித்துக் கைவிட்டுப் போனால், இரண்டு புத்தகத்திலும் அது ஃபம்பிள்தான்.

தானாகச் சரணடைவது தனிக் கதை. என்.எஃப்.எல். வீரர் விழுந்தோ முட்டி போட்டோ மேலே போக முயற்சி செய்யாமல் இருந்தால், தொடாவிட்டாலும் டவுன். 2011 அக்டோபர் 2 அன்று அரிசோனாவில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி வீரர் விக்டர் குரூஸ் பந்தைப் பிடித்து, யாரும் தொடாமல் விழுந்து, பந்தைத் தரையில் விட்டுவிட்டு எழுந்துபோனார். எதிரணியான அரிசோனா கார்டினல்ஸ் ஆள் அதை எடுத்தார். சரணடைந்துவிட்டார் என்று நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள். அந்த முடிவை ரீப்ளேயில் சரிபார்க்கவும் அப்போது வழியில்லை. அடுத்த முயற்சியிலேயே டச் டவுன் (பந்தை எதிரணியின் கோல் லைனுக்குக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது), ஜயன்ட்ஸ் 31–27 வெற்றி. விதி நடுவரின் ஊகத்தில் தொங்கும் இடம் இது; அரிசோனா ரசிகர்கள் கொதித்ததில் தப்பில்லை.

கல்லூரியில் இதற்கு மறுபக்கம். 2021 டிசம்பரில் ஏ.சி.சி. என்ற கல்லூரி லீக்கின் இறுதி ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) கென்னி பிக்கெட் சறுக்கப்போவதுபோல், அதாவது சரணடையப்போவதுபோல், பாவனை காட்டினார். காயப்படுத்தக் கூடாதென்று தடுப்பாளர்கள் தயங்க, அவர் ஓடி 58 யார்டு டச் டவுன் போட்டார். சில நாட்களிலேயே, சறுக்குவதாகப் பாவனை செய்தால் அங்கேயே டவுன் என்று நடுவர்களுக்கு உத்தரவு போனது.

டவுன் ஆன பிறகு பந்தை எங்கே வைப்பது? முட்டி விழுந்த இடத்தில் இல்லை. முட்டி பட்ட கணத்தில் பந்து எங்கே இருந்ததோ அங்கே. 2000 ஜனவரி 30 சூப்பர் பௌல் (என்.எஃப்.எல். இறுதிப் போட்டி) நினைவிருக்கும். கடைசி முயற்சியில் டென்னசியின் கெவின் டைசனை ராம்ஸ் அணியின் மைக் ஜோன்ஸ் காலைப் பிடித்துச் சாய்க்க, டைசன் கையை முழுக்க நீட்டியும் பந்து ஒரு யார்டு குறைவாக நின்றது. ராம்ஸ் 23–16 வெற்றி. முட்டி படும் முன் பந்தின் நுனி கோல் லைனைத் தொட்டிருந்தாலே டச் டவுன். கபடியில் பாடிப்போனவர் அமுக்கப்பட்டாலும் விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டால் பிழைப்பதுபோல.

வீட்டில் ரீப்ளே பார்க்கும்போது பெரும்பாலோர் பந்தையே பார்ப்பார்கள். முதலில் உடம்பைப் பாருங்கள். முட்டியோ முன்னங்கையோ புல்லில் பதியும் முதல் ஃப்ரேமில் நிறுத்துங்கள். அதே ஃப்ரேமில் பந்து கையில் அசையாமல் இருக்கிறதா? இருந்தால் டவுன். ஏற்கெனவே நழுவ ஆரம்பித்திருந்தால் ஃபம்பிள். என்.எஃப்.எல். என்றால் பின்னோக்கிச் சுழற்றி, எதிரி தொட்டாரா என்றும் தேட வேண்டும். ஒரு கேமராவில் முட்டி தெரியும், பந்து மறைந்திருக்கும், இன்னொன்றில் நேர்மாறாக. சிக்கல் இங்கேதான். படம் ஐயமின்றிக் காட்டாவிட்டால் மைதானத்தில் சொன்ன தீர்ப்பே நிற்கும். ஆகவே அரைகுறைக் காட்சியில் ஜெயிப்பது முதலில் சொன்ன தீர்ப்பு.

சந்தேகம் வந்தால் நடுவர்கள் விசில் ஊதாமல் ஆட்டத்தை ஓட விடுவதும் இதனால்தான். ஃபம்பிள் என்று ஓடவிட்டதை ரீப்ளேயில் டவுன் என்று திருத்துவது சுலபம். டவுன் என்று ஊதிவிட்டால், பந்து முன்பே நழுவியதாகப் படம் காட்டி, எடுத்தவர் யார் என்பதும் தெளிவாக இருந்தால் பந்து அந்த அணிக்குப் போகும். ஆனால் எடுத்துக்கொண்டு ஓடிய தூரம் கிடைக்காது. 60 யார்டு ஓடிப் போட்டிருக்கக்கூடிய டச் டவுன் ஒரு விசிலில் காணாமல் போகும்.