காணி வாங்குமுன்: ஒழுங்கை எங்கே முட்டுகிறது?

கேள்வி: உப்புவெளிப் பக்கம் துண்டாடி விற்கும் காணியில் 15 பேர்ச் வாங்கப் பார்க்கிறோம். பின்வேலிக்கு அப்பால் பள்ளிக்கூடம் தெரிகிறது. ஆனால் நிலாவெளி வீதிக்கு வந்து சுற்றித்தான் போகலாம். பிறகு வழி திறக்குமா?

பதில்: தானாகத் திறக்காது. வீடு இடித்துக் கட்டப்படும், கடை கைமாறும், ஒழுங்கை மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கும். ஆகவே முற்பணம் கொடுக்குமுன் நில அளவைப் படத்தைக் கேளுங்கள்.

ஒழுங்கையின் கடைசி முனை காணி எல்லையைத் தொடுகிறதா, இல்லை, குறுக்கே ஒரு துண்டு விற்பனைக்கு நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் வழி அடைபடுவது அந்த ஒரு துண்டால்தான். எல்லைவரை விட்டிருந்தால், பக்கத்துக் காணி நாளை துண்டாகும்போது பொருத்திவிடலாம். அடுத்துப் பார்க்க வேண்டியது காணி உறுதிப் பத்திரம். வழியுரிமை இந்தத் துண்டுகளுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால், பக்கத்துக்காரருக்குத் திறந்துவிட மற்றவர்களின் சம்மதமும் தேவைப்படும். உள்ளூராட்சி சபையிடம் ஒப்படைத்த வீதியில் இந்த இழுபறி குறைவு.

வழிகள் எவ்வளவு மோசமாக அடைபட்டிருக்கின்றன என்பதைப் படத்திலேயே எண்ணலாம். முச்சந்திக்கு 3, நாற்சந்திக்கு 4, முட்டும் முனைக்கு 1 போட்டு, கூட்டி, சந்திகளும் முனைகளும் சேர்ந்த மொத்த எண்ணிக்கையால் வகுங்கள். எண் குறையக் குறைய அடைப்பு அதிகம். பிரதான வீதியிலிருந்து ஒரு ஒழுங்கை, அதில் நான்கு கிளைகள், எல்லாமே முட்டு என்றால் 5 முச்சந்தி, 5 முனை: 20ஐ 10ஆல் வகுக்க 2. இரண்டு முனைகளை அடுத்த ஒழுங்கையில் கொண்டுபோய்ச் சேர்த்தாலே 2.4. சதுரக் கட்டமாகப் போட்ட தெருக்களில் இது 4ஐ நெருங்கும்.

கேள்வி: முட்டு ஒழுங்கைதானே அமைதி?

பதில்: உள்ளே இருப்பவருக்கு, ஆம். ஆனால் திருகோணமலைப் பட்டினத்துக்கு இரு பக்கமும் கடல். ஊர் வடக்கேயும் கன்னியாப் பக்கமும்தான் நீள முடியும். ஒவ்வொரு ஒழுங்கையும் தனித்தனியாக வந்து விழுந்தால், பாணுக்குப் போகும் சைக்கிளும் நிலாவெளி வீதியில்தான் ஏற வேண்டும். குப்பை உழவு இயந்திரம் பின்னுக்கு வர வேண்டும். குழாய்நீரும் அந்த முனையில் தேங்கும், அடிமண்டி சேரும். அமெரிக்காவில் புதிய குடியிருப்புகள் இப்படி முட்டுத்தெருக்களாகப் பெருகியது 1994ஐ ஒட்டி உச்சம் தொட்டு, பிறகே குறையத் தொடங்கியது என்கிறது 2015இல் வெளியான பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் ஆய்வு. வாகனம் வேண்டாமென்றால் முனையில் ஆறடி நடைபாதையாவது விடச் சொல்லுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கு நடக்க அது போதும்.