அந்த அரை மாத்திரைக்குச் சீட்டு எழுதியது யார்?

கேள்வி: மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சில மாதங்களாக உறக்கமில்லை. புத்தகத்தைத் திறந்தாலே அழுகை வருகிறது. சீனியர் அக்கா ஒருவர் கொடுத்த, பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலத்தை அரை மாத்திரையாக உடைத்துப் போட்டுச் சமாளிக்கிறேன். மனநல மருத்துவரிடம் போனால் கல்லூரிக்குத் தெரிந்துவிடும்; பெற்றோரும் உடைந்துபோவார்கள். மன உறுதி வளர வழி சொல்லுங்கள்.

பதில்: மன உறுதி இருக்கட்டும், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த அரை மாத்திரை, அதைப் பேசுவோம். உதவி நாடத் தயங்குவதாகச் சொல்கிறீர்கள். ஆனால் நோயைக் கணித்து, மருந்தைத் தேர்ந்து, அளவையும் தீர்மானித்துச் சிகிச்சை ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது, அதைச் செய்பவர்தான் இன்னும் மருத்துவராகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரையை விழுங்கினேன் என்று நாளை ஒரு நோயாளி சொன்னால் கடிந்துகொள்ள மாட்டீர்களா? அல்பிரசோலம் சில வாரங்களிலேயே உடலைப் பழக்கிவிடும் என்பதும், திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதும் உங்கள் மருந்தியல் பாடத்தில் உள்ளவைதானே? உங்களுக்கு இருப்பது மனச்சோர்வு என்றால், அதை அது குணப்படுத்தவும் செய்யாது.

2016இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வு, மருத்துவ மாணவர்களில் சுமார் 27 சதவீதத்தினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருப்பதாகக் கண்டது. அவர்களில் சிகிச்சை நாடியவர்கள் 16 சதவீதம்கூட இல்லை. இதில் ஆறுதல் தேடாதீர்கள், இது அந்தத் துறைக்கே தலைகுனிவு.

கல்லூரிக்குத் தெரிந்துவிடும் என்கிறீர்கள். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமை. கல்லூரிக்கு வெளியே இருப்பவரிடமும் போகலாம். அறைக்கு அறை கைமாறும் மாத்திரைக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை.

பெற்றோர் உடைந்துபோவார்கள் என்பதை நான் ஏற்கவில்லை. பிள்ளையின் நோயில் துணை நிற்பது பெற்றோரின் கடமை. அதைச் செய்யவிடாமல் மதிப்பெண்களை மட்டும் காட்டி அவர்களை மகிழவைப்பது பாசமாகாது. மகள் தன் அழுகையைச் சொல்லவே அஞ்சும்படி வளர்த்திருந்தால் அவர்களிடமும் கேட்க வேண்டியது உண்டு. அவர்கள் எழுதும்போது கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கும் ஒரு கடமை உண்டு: உலக மருத்துவச் சங்கம் 2017இல் திருத்திய, மருத்துவர்களுக்கான ஜெனீவா உறுதிமொழி, தன் நலத்தைப் பேணுவதையும் மருத்துவரின் கடமைகளில் சேர்த்திருக்கிறது.

மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மிச்சமுள்ள அட்டையோடு இந்த வாரமே மனநல மருத்துவரிடம் சென்று, எத்தனை நாளாக, எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லுங்கள். எப்படிக் குறைப்பது என்பதை அவர் முடிவு செய்வார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருமானால் அதுவரைகூடக் காத்திராமல், வீட்டுக்குச் சொல்லிவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். திரும்பி வந்ததும் அந்த அக்காவிடமும் பேசுங்கள். அந்த மாத்திரை அவரிடம் ஏன் இருந்தது என்று நீங்கள் கேட்டதாகவே தெரியவில்லை.