அழித்த கோப்பு எங்கே போனது?

கேள்வி: 2014இல் வாங்கிய கம்ப்யூட்டர். நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்துவிட்டு அடுப்பில் பால் வைத்தால், பால் பொங்கிய பிறகுதான் வேர்டு திறக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வினாத்தாள் தயாரிக்கத்தான் பயன்படுத்துகிறேன் மேடம். என்ன செய்யலாம்?
*(ஆசிரியை, கும்பகோணம்)*

பதில்: தூக்கிப் போடாதீர்கள் டீச்சர். முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டர் திணறும்போது டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, சிபியு 20, 30இல் சும்மா இருந்தால் குற்றவாளி ஹார்டு டிஸ்க்தான். உள்ளே சுழலும் தட்டில் ஊசி இங்கும் அங்கும் ஓடித்தான் ஒவ்வொன்றையும் தேடி எடுக்கிறது. சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டியில் அந்த ஓட்டம் இல்லை, அதனால் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக அதை மாட்டுங்கள். இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 ஜிபி உங்களுக்குத் தாராளம். ஏற்கெனவே இருக்கும் அதே வகைக் கேபிள்கள்தான் இதற்கும்.

அடுத்தது ரேம். உங்கள் ஐ3க்கு டிடிஆர்3 ரேம் வேண்டும். கடையில் டிடிஆர்4 கொடுத்தால் வாங்காதீர்கள். கீழே உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினாலும் உட்காராது, உடைந்துதான் போகும். இன்னொரு 4 ஜிபி சேர்த்தால் போதும்.

விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை, ஒருசிலவற்றைத் தவிர, அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அதனால் புது எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள் என்பேன். பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டிய பழைய வினாத்தாள்கள் என்னாகும் என்று கவலைப்படுவீர்கள். அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவினால் வேர்டு போன்ற லிப்ரே ஆஃபீஸில் அவை அப்படியே தெரியும். புதிதாகத் தட்டுவதை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கை அழிக்காமல் ஒரு மாதம் பீரோவில் வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலக லினக்ஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. 60 ஜிபி லாக் கோப்பு (ப்ரோகிராம் தன் நடவடிக்கைகளைப் பதியும் கோப்பு) ஒன்றைக் கண்டுபிடித்து அழித்தேன். ஆனால் ஒரு எம்பிகூடத் திரும்பி வரவில்லை. டிஸ்க் எவ்வளவு நிரம்பியது என்று காட்டும் டிஎஃப் கமாண்ட் இன்னும் 100 சதவீதம் என்கிறது, கோப்புகளின் அளவைக் கூட்டிக் காட்டும் டியூ கமாண்ட் பாதிகூட நிரம்பவில்லை என்கிறது. எதை நம்புவது?
*(ஏற்றுமதி நிறுவன ஊழியர், திருப்பூர்)*

பதில்: இரண்டையும் நம்புங்கள். இரண்டும் உண்மையைத்தான் சொல்கின்றன.

யூனிக்ஸில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. கோப்பு என்பது ஐநோடும் (கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) அது சுட்டும் டிஸ்க் இடமும். பெயர் என்பது ஃபோல்டரில் எழுதிவைத்த ஒரு குறிப்பு மட்டுமே. ஆர்எம் கமாண்ட் அழிப்பது அந்தக் குறிப்பைத்தான். வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டீர்கள், ஆனால் உள்ளே குடியிருப்பவர் இன்னும் காலி செய்யவில்லை. அந்த லாகில் எழுதிக்கொண்டிருந்த ப்ரோகிராம் கோப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. அது மூடும்வரை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அந்த இடத்தை வேறு யாருக்கும் தராது. டியூ பெயர்ப்பலகைகளைப் பார்த்துக்கொண்டே தெருவில் நடக்கிறது, அதனால் பெயரில்லாத வீடு அதன் கணக்கில் வருவதில்லை. டிஎஃப் டிஸ்க் இடத்தின் கணக்கை வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டத்திடமே கேட்கிறது, அதனால் அந்த வீடும் கணக்கில் வருகிறது.

எல்எஸ்ஓஎஃப் கமாண்டுடன் கூட்டல் குறி, பெரிய எல், எண் 1 ஆகியவற்றைச் சேர்த்து (lsof +L1) ரூட்டாக, அதாவது நிர்வாகியாக ஓட்டுங்கள். பெயர் போயும் திறந்தே கிடக்கும் கோப்புகளின் பட்டியல் வரும், எந்த ப்ராசஸ் பிடித்திருக்கிறது என்ற எண்ணோடு. அந்த ஒரு சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் 60 ஜிபியும் அந்த நிமிடமே திரும்பும். அடுத்த முறை ஓடிக்கொண்டிருக்கும் லாகை ஆர்எம் செய்யாமல், ட்ரன்கேட் கமாண்டால் அளவைப் பூஜ்யமாக்குங்கள். அப்புறம் பழைய லாகைத் தானாக ஒதுக்கித் தள்ளும் லாக்ரொடேட்டில் அந்த லாகைச் சேர்த்துவிடுங்கள். சேர்க்காமல் விட்டதால்தான் அது 60 ஜிபி வரை வளர்ந்தது.

இதே இடத்தில் நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். சிவகாசியில் ஓர் அச்சகத்தின் சர்வர் என் பொறுப்பில் இருந்தது. காலண்டர் சீசன், இரவு பதினொன்றரை மணி. லாகை அழித்தும் இடம் வராமல் பயந்துபோய் சர்வரையே ரீபூட் செய்தேன். இடம் வரத்தான் செய்தது. ஆனால் அது ஈஎக்ஸ்டி3 என்ற பழைய ஃபைல் சிஸ்டத்தின் காலம். கடைசியாகச் சோதித்து 180 நாள் தாண்டியிருந்தால் பூட் ஆகும்போது டிஸ்க் முழுவதையும் சோதிக்கத் தொடங்கிவிடும். எங்கள் சர்வரோ அணைக்காமலே ஒரு வருடம் ஓடியிருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம் திரையைப் பார்த்தபடி நின்றேன். கீழே ப்ளேட் போட ஆட்கள் காத்திருந்தார்கள். யார் அந்தக் கோப்பைப் பிடித்திருந்தார்கள் என்ற தடயமும் ரீபூட்டோடு போனதால் மூன்றாம் வாரம் மறுபடி நிரம்பியது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன், ரீபூட் செய்யாதீர்கள்.

இன்னொன்று. டிஸ்கில் இடம் இருந்தும் "இடமில்லை" என்று வந்தால் டிஎஃப் உடன் மைனஸ் ஐ சேர்த்துப் பாருங்கள். குட்டிக் குட்டி செஷன் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்து ஐநோடு தீர்ந்திருக்கும்.

கேள்வி: சர்வரில் 16 ஜிபி ரேம். ஃப்ரீ கமாண்ட் எப்போதும் 300 எம்பிதான் காலி என்கிறது. இன்னொரு 16 வாங்கவா?
*(வாசகர், ஈரோடு)*

பதில்: வாங்க வேண்டாம், முதலில் கடைசி நெடுவரிசையான "அவைலபிள்" எவ்வளவு என்று பாருங்கள். லினக்ஸ் சும்மா கிடக்கும் ரேமில் டிஸ்கிலிருந்து படித்தவற்றை வைத்துக்கொள்ளும், கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். விஎம்ஸ்டாட் கமாண்டில், ரேம் போதாமல் டிஸ்குக்கும் ரேமுக்கும் இடையே நடக்கும் இடமாற்றத்தைக் காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் வேலை நேரத்தில் தொடர்ந்து ஓடினால் மட்டும் ரேம் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: அக்கா, நான் பி.எஸ்சி. இரண்டாம் வருடம். சர்வர் வேலை கற்க ஆசை. வீட்டில் அண்ணன் பள்ளியில் வாங்கிய அரசு லேப்டாப் மட்டும்தான், 2 ஜிபி ரேம். இது போதுமா?
*(மாணவி, தென்காசி)*

பதில்: போதும்மா. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் யூனிக்ஸைத் தொடங்கிய பிடிபி-7 இயந்திரத்தின் நினைவகம் சில ஆயிரம் வேர்டுகள் (அன்றைய நினைவக அலகு) தான். உன் கையில் இருப்பது அதற்கு முன்னால் கடல்.

டெபியன் என்ற லினக்ஸை நிறுவு. இன்ஸ்டால் செய்யும்போது டெஸ்க்டாப் டிக்கை எடுத்துவிட்டு தூரத்திலிருந்தே உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வரை மட்டும் டிக் செய். லேப்டாப்பை மூலையில் வைத்துவிட்டு, மொபைலில் ஒரு எஸ்எஸ்எச் ஆப் போட்டு அங்கிருந்தே நுழைந்து பழகு. பேட்டரி தாங்கினால் சொந்த யூபிஎஸ்ஸும் கூடவே இருக்கிறது. முதலில் கமாண்டுகளின் கையேடான மேன் பக்கங்களைப் படி, இணையத்தில் கிடைக்கும் கமாண்டை அப்படியே ஒட்டாதே. பிறகு ஒரு சின்ன வலைதளத்தை அதில் ஓட்டு, தினமும் இரவு, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் க்ரான் வழியாக, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க்கால் பேக்கப் எடு. மாதம் ஒருமுறை அந்தப் பேக்கப்பிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து பார். கொண்டுவந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டை நிறுத்திச் சாவிக்கு (பாஸ்வேர்டுக்குப் பதிலான கீ கோப்புக்கு) மாறும் நாளில் மட்டும் கவனம். செட்டிங்கை மாற்றி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்த பிறகு, ஏற்கெனவே நுழைந்திருக்கும் விண்டோவை மூடாதே. இன்னொரு விண்டோ திறந்து, சாவி வேலை செய்து உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பிறகே முதலாவதை மூடு.