பேர் தெரியாத பூச்செடியா? கேளுங்க, சொல்றேன்

குடி வந்தப்பவே வீட்டுல நின்ன செடி, நர்சரில பேர் சொல்லாம குடுத்த செடி, எதுவா இருந்தாலும் கேளுங்கன்னு சொல்லிருந்தேன். நிறைய பேர் போட்டோ அனுப்பிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா முக்காவாசி பேர் பூவ மட்டும்தான் கிட்ட போய் எடுத்திருக்கீங்க. இலை தண்டுல எப்படி ஒட்டிருக்கு, கிள்ளினா பால் வருதா, இது ரெண்டும் தெரிஞ்சாலே பாதி செடிய கண்டுபிடிச்சிடலாம்.

கேள்வி (திருச்சி): அக்கா, வெள்ளை பூ, காத்தாடி மாதிரி அஞ்சு இதழ். மொபைல் ஆப் மல்லின்னு காட்டுது, ஆனா பகல்ல வாசமே இல்ல. என்ன இது?

பதில்: ஒரு இலைய கிள்ளி பாருங்க தம்பி. பால் வந்தா நந்தியாவட்டை, மல்லில பால் வராது. கிளை ரெண்டு ரெண்டா கவட்டை மாதிரி பிரிஞ்சு போறதும் போட்டோலயே தெரியுது. ராத்திரில மோந்து பாருங்க, லேசா வாசம் இருக்கும். இதுலயே அடுக்கு நந்தியாவட்டைன்னு ஒண்ணு இருக்கு, பூக்காரம்மா அதத்தான் மாலைல கட்டுவாங்க. கிள்ளின கைய கழுவிடுங்க, பால் கண்ணுல படக்கூடாது.

கேள்வி (சேலம்): ஒரே செடில ஊதா, வெளிர் ஊதா, வெள்ளைன்னு மூணு கலர் பூ. யாராவது ஒட்டு போட்டிருப்பாங்களா?

பதில்: ஒட்டு எல்லாம் இல்லங்க, இது புருன்ஃபெல்சியா. காலைல ஊதாவா விரியும், மறுநாள் வெளுக்கும், மூணாவது நாள் வெள்ளையாயிடும், அதான் இங்கிலீஷ்ல இதுக்கு நேத்து, இன்னிக்கு, நாளைன்னே பேரு வெச்சிருக்காங்க. எனக்கு ரொம்ப பிடிச்ச செடி. காலைல வெள்ளையா விரிஞ்சு சாயங்காலத்துக்குள்ள ரோஸ் ஆச்சுன்னா அது வேற, செம்பருத்தி குடும்பத்து செடி. கொடியா படர்ந்து வெள்ளைலேர்ந்து சிவப்பா மாறுச்சுன்னா ரங்கூன் மல்லி. வீட்டுல நாய் இருந்தா புருன்ஃபெல்சியா கிட்ட விடாதீங்க, காய் தின்னா வலிப்பே வரும்.

கேள்வி (நாகர்கோவில்): இலை கறிவேப்பிலை மாதிரியே இருக்கு, மாமியார் தாளிக்க பறிக்கிறாங்க, ஆனா வாசமே வரல. வெள்ளை பூ ராத்திரில தூக்கலா மணக்குது.

பதில்: அது காமினிம்மா, கறிவேப்பிலை இல்ல. ஒரு ஈர்க்குல எத்தனை இலைன்னு எண்ணுங்க, காமினில பெரும்பாலும் மூணுலேர்ந்து ஒம்பதுதான் இருக்கும், கறிவேப்பிலைல பதினொண்ணுக்கு மேல போகும். காமினி பழம் சிவப்பு, கறிவேப்பிலை பழம் கருப்பு. எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பம்தான் ரெண்டும், அதான் அந்த மணம். அத்தைகிட்ட சொல்லிட்டு வேலி ஓரமா விட்டுடுங்க, அழகா வெட்டி வளர்க்கலாம்.

கேள்வி (மதுரை): மஞ்சள் பூ, குழல் மாதிரி. பசங்க பச்சைக் காய பொறுக்கி விளையாடுறாங்க. டெகோமான்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க, சரியா?

பதில்: இதுக்குத்தான் முதல்ல பதில் சொல்லிருக்கணும், லேட்டா பாத்தேன். டெகோமா இலை ஓரம் ரம்பம் மாதிரி இருக்கும், காய் பீன்ஸ் மாதிரி நீளமா தொங்கும், பால் வராது. நீங்க அனுப்பினதுல இலை ஒல்லியா நீட்டமா இருக்கு, காய் உருண்டையா முனை வெச்சிருக்கு, இது மஞ்சள் அரளி. இதோட கொட்டை இதயத்துடிப்பையே கெடுக்கிற விஷம். காய் எல்லாத்தையும் இன்னிக்கே பொறுக்கி எடுத்துடுங்க, பசங்க கைய சோப்பு போட்டு கழுவ விடுங்க. யாராவது கடிச்சிருந்தா வாந்தி வருதான்னு பாத்துட்டு உக்காராதீங்க, 108க்கு போன் போட்டு உடனே ஆஸ்பத்திரி போங்க, காயையும் கையோட எடுத்துட்டு போங்க.

கேள்வி (தஞ்சாவூர்): இலையே ரோஸ் கலர்ல பூ மாதிரி இருக்கு!

பதில்: முசாண்டா. நடுவுல மஞ்சளா குட்டியா நட்சத்திரம் மாதிரி இருக்கே, அதான் பூ.

கேள்வி (கோவை): கொத்து கொத்தா ஆரஞ்சு சிவப்பு பூ, இட்லிப்பூவா?

பதில்: போட்டோ கலங்கலா இருக்கு தம்பி, சும்மா ஒரு பேர சொல்ல மனசு வரல. இட்லிப்பூன்னா நுனில நாலு இதழ் விரிஞ்சிருக்கும், இலை எதிரெதிரா ஜோடியா நிக்கும். குழல் மாதிரியே மூடினாப்ல இருந்து, ஒரே கணுவுல மூணு இலை வட்டமா வந்தா ஹமீலியா. நாளைக்கு காலைல ஒரு கிளைய கணுவோட எடுத்து அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன்.