சீனி வருத்தம் இருந்தால் தாய்ப்பால் குறையுமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கர்ப்பத்தில் சீனி கூடி, கடைசி இரண்டு மாதமும் இன்சுலின் போட்டேன். சிசேரியன்தான். பிறந்த உடனேயே பிள்ளைக்குச் சீனி குறைவு என்று குழந்தைப் பிரிவுக்குக் கொண்டுபோய்ப் பால்மா கொடுத்தார்கள். எனக்குப் பால் இறங்கியது நாலாம் நாள். இப்போது பிள்ளைக்கு ஐந்து கிழமை, தாய்ப்பாலும் பால்மாவும் கலந்து கொடுக்கிறேன். "உன்ரை வருத்தம் பாலோடை பிள்ளைக்கும் போகும், மாவையே குடு" என்கிறா மாமி. என்ன செய்வது?
— ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: தங்கச்சி, முதலில் மாமிக்கான பதில். சலரோகம், அதாவது சீனி வருத்தம், பாலோடு போகாது. தாய்ப்பால் குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பின்னாளில் அளவுக்கு மீறிய உடம்பும் சலரோகமும் வரும் வாய்ப்புக் குறைவு என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. உங்களுக்கும் அதில் நன்மை உண்டு. கலிஃபோர்னியாவில் கர்ப்பகாலச் சலரோகம் வந்த ஏறத்தாழ ஆயிரம் தாய்மாரை இரண்டு வருடம் கவனித்து 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் முழுக்கத் தாய்ப்பால் கொடுத்தவர்களுக்கு நிரந்தரச் சலரோகம் வந்தது, மா மட்டும் கொடுத்தவர்களோடு பார்த்தால் ஏறத்தாழ அரைவாசிதான்.

பால் பிந்தியது உங்கள் குற்றமில்லை. பால் சுரக்கவும் இன்சுலின் வேலை செய்யவேண்டும், அது சரியாக வேலை செய்யாத உடம்பில் பால் இறங்க மூன்று நாளுக்கு மேலும் போகலாம், சிசேரியனும் சேர்ந்தால் இன்னும் பிந்தும். பிள்ளைக்குச் சீனி குறைந்ததற்கும் காரணம் உண்டு. உங்கள் இரத்தத்தில் கூடிய சீனி தொப்புள்கொடி வழியே போகப் போகப் பிள்ளையின் கணையம் தானும் நிறைய இன்சுலின் சுரந்து பழகிவிடும், கொடியை வெட்டியதும் சீனி வரத்து நிற்கும், ஆனால் அந்த இன்சுலின் உடனே அடங்காது. சீனி மிகவும் குறைந்தால் மூளைக்கு ஆபத்து, ஆகவே அன்றைக்குப் பால்மா கொடுத்ததை நான் பிழை சொல்லமாட்டேன். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பிள்ளை அந்தப் பக்கம், தாய் இந்தப் பக்கம் என்று பிரித்து வைத்தால், முதல் சில மணி நேரத்துக்குள் ஒரு தாதி உங்கள் கட்டிலடிக்கு வந்து கையால் பால் பிழியக் காட்டித் தந்து, மூன்று மணிக்கொரு தடவை பிழிவித்து, கிடைத்தது ஒரு கரண்டியென்றாலும் அதைப் பிள்ளைக்குக் கொண்டுபோயிருக்கவேண்டும். நீங்கள் கேட்காமலே நடந்திருக்கவேண்டிய வேலை அது.

சரி, இனிச் செய்யவேண்டியது. ஐந்து கிழமை பிந்திவிடவில்லை. இரவு பகல் சேர்த்து எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை மார்பில் போடுங்கள், இரவுப் பாலை விடவேண்டாம், பால் சுரக்கும் ஹோர்மோன் இரவில்தான் கூட. ஒவ்வொரு தடவையும் தாய்ப்பால் முதலில், அதன் பிறகுதான் மா. மாவை ஒரேயடியாக நிறுத்தாமல், பிள்ளை நாளுக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போகிறதா, நிறை ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்துக் குறையுங்கள். வீட்டுக்கு வரும் குடும்பநல மிட்வைஃபிடம் பிள்ளை மார்பைச் சரியாகப் பிடிக்கிறதா என்று பக்கத்தில் இருந்து ஒரு முழு நேரப் பாலூட்டலையும் பார்க்கச் சொல்லுங்கள். மாமி வைக்கிற சரக்குக் கறியும் பால்சுறாவும் முருங்கையிலையும் நன்றாகச் சாப்பிடுங்கள், ஆனால் பாலைக் கூட்டுவது பிள்ளை உறிஞ்சுவதுதான். கோரோசனை, தேன், சீனித்தண்ணி எதையும் பிள்ளையின் நாக்கில் தடவ விடவேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேன் ஆபத்து.

கேள்வி: மனைவிக்கு 34 கிழமை, சலரோகத்துக்கு மெற்போமின் போடுகிறா. மேலே சொன்ன மாதிரி எங்களுக்கும் நடக்காமல் இருக்க இப்போதே ஏதும் செய்யலாமா?
— ஒரு கணவர், பருத்தித்துறை

பதில்: செய்யலாம் தம்பி, நேரத்தோடு கேட்டதற்கு நன்றி. 36 கிழமையிலிருந்து முதற்பாலைக் கையால் பிழிந்து சிறிய சிறிஞ்சில் உறைய வைத்துக்கொண்டு போகலாம். ஆஸ்திரேலியாவில் சலரோகம் உள்ள 600க்கு மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்து 2017இல் வெளியிட்டார்கள். வேறு சிக்கல் இல்லாதவர்களுக்கு அதனால் பிள்ளைக்குக் கெடுதல் வரவில்லை. முன்பு குறைமாதப் பிரசவம் நடந்திருந்தால், இரத்தப்போக்கு இருந்தால், நச்சுக்கொடி கீழே இருந்தால் வேண்டாம். எதற்கும் கிளினிக் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பிரசவத்துக்குப் போகும்போது வார்டில் இதைச் சொல்லிவையுங்கள்: பிள்ளையைத் துடைத்த கையோடு தாயின் நெஞ்சில் போட்டு முதல் மணி நேரத்துக்குள் பால் கொடுக்கவேண்டும், பிறகு இரண்டு மூன்று மணிக்கொரு தடவை. குதிக்காலில் குத்திச் சீனி பார்ப்பார்கள், பயப்படவேண்டாம். மேலதிகப் பால் தேவை என்றால் பிழிந்த பால் முதலில், அதுவும் போத்தலில் இல்லாமல் சிறிய கப்பில். சில தாதியருக்கு இது பிடிக்காது, பரவாயில்லை, மரியாதையாகக் கேளுங்கள், முதல் மணி நேரத்துக்குள் பால் கொடுக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும் சொல்கிறது.

மெற்போமின் போட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம், இன்சுலினும் அப்படித்தான். ஆனால் இன்சுலின் போடுகிறவர்கள் பால் கொடுக்க முதல் ஏதாவது சாப்பிடவேண்டும், ஏனென்றால் தங்கள் சீனி இறங்கித் தலை சுற்றலாம்.

இரண்டு பேருக்கும்: பிரசவம் முடிந்து ஆறு கிழமையில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையைத் தவறவிடவேண்டாம். வெறும் வயிற்றோடு போய் இரண்டு மணி நேரம் இருக்கவேண்டிவரும், பிள்ளையைப் பிடிக்க மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.